பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்



கடல் கடந்த நம் முன்னோர் போன இடத்தில் முதலில் எதைக் கட்டினார்கள்? பினாங்கில் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சிங்கப்பூரில் 1826இல் சூலியா பள்ளிவாசல். அதோடு நின்றார்களா? இல்லை. கடையநல்லூர் மக்கள் மனைவி மக்களோடு சிங்கப்பூர் போனவர்கள். பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள். ஆனாலும் 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1982இல் அது மூடப்பட்டது. ஆனால் அதில் படித்த பிள்ளைகள் அந்த மண்ணின் குடிமக்களாய்த் தலைநிமிர்ந்தார்கள்.

இன்று நீங்கள் போவது வளைகுடா. அங்கே முப்பது ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிதினும் அரிது. விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்படியானால் உங்கள் வேர் எங்கே? இந்த ஊரில், உங்கள் பிள்ளைகளின் படிப்பில்!

எனவே இளைஞனே, விசாவுக்குக் கடன் வாங்குமுன் ஒரு தொழிற்கல்விச் சான்றிதழ் வாங்கு. கூலியாய்ப் போகாதே, தொழில் தெரிந்தவனாய்ப் போ. பெரியவர்களே, வீட்டுக்கு மார்பிள் பதிக்குமுன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்து வையுங்கள். மார்பிள் உங்கள் காலடியில் கிடக்கும்; கல்வி உங்கள் பேரப்பிள்ளை வரை நடக்கும்.

சிந்தியுங்கள்! செயல்படுங்கள்!