14 லிட்டர் பெட்டி, 19 நிமிஷம்: ஆய்வகத்தில் ஹைட்ரஜன்

இன்னைக்கு ஆய்வகக் கருவிகளோட ஹைட்ரஜன் வாயுவைப் பாதுகாப்பா பயன்படுத்துறது பத்திப் பேசலாம். திருநாவலூர்ல உட்கார்ந்துட்டு இதை ஏன் பேசணும்? காரணம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. மெத்தனால் என்ற வார்த்தை அப்போதான் எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சது. சாராயத்துலயோ ரத்தத்துலயோ மெத்தனால் எவ்வளவு இருக்குன்னு அளக்க ஆய்வகங்கள் பொதுவா பயன்படுத்தும் கருவி கேஸ் குரோமட்டோகிராஃப், சுருக்கமா ஜி.சி. அதுல எஃப்.ஐ.டி. என்ற டிடெக்டருக்குள்ள எரியறது ஒரு சின்ன ஹைட்ரஜன் சுடர். இதுபோக, இறக்குமதியாகும் ஹீலியத்தோட விலை ஏறுறதால, மாதிரியைச் சுமந்து போகிற கேரியர் வாயுவாவும் ஹைட்ரஜனுக்கு மாறுறாங்க.

வீட்டு சிலிண்டர் பழக்கம் இங்கே உதவாது. எல்.பி.ஜி. கசிஞ்சா நாத்தம் வரும், தரையோட தங்கும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நேரா கூரைக்குப் போகும். பகல் வெளிச்சத்துல அதோட சுடர் கண்ணுக்கே தெரியாது. எல்.பி.ஜி. காத்துல ஏறக்குறைய 2-லேர்ந்து 10 சதவீதம் வரை கலந்திருந்தாதான் பத்தும். ஹைட்ரஜன் 4-லேர்ந்து 75 சதவீதம் வரை பத்தும். அதைப் பத்த வைக்க 0.02 மில்லிஜூல் போதும். நைலான் சட்டையைக் கழட்டும்போது வர்ற பொறியே அதைவிடப் பெருசு. அதனால "நெருப்பு வராம பாத்துக்கறேன்" என்பது பாதுகாப்பே இல்லை. 4 சதவீதத்தைத் தொட விடக்கூடாது, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்கு போடுவோம். ஒரு ஜி.சி.யோட சூடாகும் அடுப்புப் பெட்டி சுமார் 14 லிட்டர். அதுல 4 சதவீதம் 560 மில்லி. எஃப்.ஐ.டி.க்குப் போகிற ஹைட்ரஜன் நிமிஷத்துக்கு 30 மில்லின்னு வைங்க. காலம் என்கிற நீளக் குழாயை மாத்த கழட்டிட்டு, டிடெக்டர் பக்கத்து ஓட்டையை மூடாம, ஹைட்ரஜனையும் நிறுத்தாம விட்டா, வாயு அடுப்புக்குள்ள இறங்கும். காத்தே வெளியேறாத பெட்டின்னா 19 நிமிஷம். உள்ளே ஹீட்டர் தயாரா இருக்கு. நிஜப் பெட்டியில கொஞ்சம் வெளியேறும், ஆனா அதை நம்பி வேலை செய்ய முடியாது. காலம் மாத்தும்போது முதல்ல ஹைட்ரஜனை அடைக்கணும், ஓட்டைக்கு மூடி போடணும்.

இப்போ அறைக்கு வருவோம். நீளம் 4, அகலம் 3, உயரம் 3 மீட்டர்னா 36 கன மீட்டர். பெரிய சிலிண்டர் ஒண்ணுல கிட்டத்தட்ட 7 கன மீட்டர் வாயு இருக்கு. மொத்தமும் திறந்துகிட்டா அறையில ஏறக்குறைய 5-ல ஒரு பங்கு ஹைட்ரஜன். அதுவே தண்ணியை மின்சாரத்தால பிரிச்சு நிமிஷத்துக்கு 500 மில்லி தரும் ஜெனரேட்டர்னா, மூடின அறையில சராசரி 4 சதவீதம் ஆக 48 மணி நேரம். கூரைக்கடியில முன்னாடியே சேரும், அதனால காத்தோட்டம் கட்டாயம். ஆனா வித்தியாசம் புரியுதுல்ல? சிலிண்டர்தான் வேணும்னா அது கட்டடத்துக்கு வெளியே, சங்கிலி போட்டு நிக்கட்டும்.

2018 டிசம்பர் 5 அன்னைக்கு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துல, ஹைப்பர்சானிக் அதிர்வலை ஆய்வகத்துல வெடிப்பு நடந்தது. ஹைட்ரஜன் சிலிண்டர் வெடிப்புன்னு அன்னைக்கே செய்தி வந்தது. 32 வயசு பொறியாளர் ஒருத்தர் இறந்தார், மூணு பேருக்குப் படுகாயம். 2016 மார்ச்ல ஹவாய் பல்கலைக்கழகத்துல கசிவே இல்லாம வெடிச்சது. பாக்டீரியாவுக்குக் கொடுக்க ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் 49 லிட்டர் டேங்க்ல ஒண்ணா அடைச்சு வெச்சிருந்தாங்க. நிலைமின் பொறி பத்த வெச்சிருக்கும்னு விசாரணை சொன்னது. ஆய்வாளர் ஒரு கையை இழந்தார். முந்தின நாளே சின்ன கலத்துல ஒரு குட்டி வெடிப்பு நடந்திருந்தது. வேலை அங்கேயே நின்னிருக்கணும்.

உங்க ஆய்வகத்துல பார்க்க வேண்டியவை:

• குழாய் செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக் வேண்டாம். ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி அல்லது லீக் டிடெக்டர் சோதனை.

• எரிவாயு சிலிண்டருக்கு இடது மரை. ஆக்சிஜன் ரெகுலேட்டரை அதுல மாட்டிடக்கூடாதுன்னுதான் அப்படி. அடாப்டர் தேடாதீங்க.

• ஹைட்ரஜன் கேரியரா இருந்தா, ஸ்பிளிட் வென்ட் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகணும்.

• சென்சார் கூரைக்கடியிலயும் அடுப்புக்குள்ளயும். 1 சதவீதத்துலயே வாயுவை நிறுத்தணும்.

கடைசி புள்ளிக்கு சாஃப்ட்வேர் ஆளா ஒரு வார்த்தை. அலாரம் மெசேஜ் அனுப்புறது பாதுகாப்பு ஆகாது. கரண்ட் இருந்தா மட்டும் திறந்திருக்கிற வால்வு வைங்க. பவர் கட் ஆனா அது தானா மூடிக்கும். நம்ம ஊர்ல கரண்ட் எப்போ போகும்னு சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி லேப்ல ஜி.சி. ஓட்டுறவங்க யாராவது தெரிஞ்சா இந்த எபிசோடை அனுப்புங்க. உங்க லேப் அறையோட அளவை எடுத்து, இதே கணக்கைப் போட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.