ஒரு நிமிடப் பாட்டும் ஒரு மணி நேரப் பேச்சும்



1981ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயர் மைனர் த்ரெட். பாட்டின் பெயர் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’. நீளம் 46 விநாடி. குடியும் போதையும் தனக்கு வேண்டாம் என்று ஒருவன் உரக்கச் சொல்வதுதான் அதன் பொருள். அதை எழுதிப் பாடிய இயன் மெக்காயிடம் அந்த 46 விநாடியைப் பற்றி 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லி வருகிறார்.

ஹார்ட்கோர் பங்க் என்ற இந்த இசை 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க் இசையைக் கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் இருந்த பையன்களும் பெண்களும் எடுத்து, இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக வாசித்தார்கள். ஒரு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ், தொண்டை கிழியும் குரல், அவ்வளவுதான். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம், பாட்டு முடிந்துவிடும். முதல் தடவை கேட்பவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கலைஞர்கள் பேசியதைக் கேட்ட பிறகு அப்படி ஒதுக்குவது கடினம். இந்த இசையின் மறுபாதி அந்த உரையாடல்களில்தான் இருக்கிறது.

பேச்சு இந்த அளவு பெருகியதற்குக் காரணம், பெரிய பத்திரிகைகளும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் இவர்களைத் திரும்பிப் பார்க்காததுதான். அதனால் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள். பேட்டியும் அதில் ஒன்று. கச்சேரி முடிந்ததும் ஒரு கேசட் ரெக்கார்டரோடு மேடைக்குப் பின்னால் போவார்கள். பேசியதைத் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்தால் ஒரு சிற்றிதழ். மிச்சிகன் மாநிலத்து லேன்சிங் நகரில் 1979இல் தொடங்கிய ‘டச் அண்ட் கோ’ அப்படி வந்ததுதான். அதை நடத்திய இருவரில் ஒருவரான டெஸ்கோ வீ, பின்னர் மீட்மென் குழுவின் பாடகரானார். இன்று கேள்வி கேட்டவர் நாளை பதில் சொல்ல வேண்டியவர். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வயது. ஆகவே கேள்வியில் பயமோ பதிலில் பூச்சோ இல்லை.

வானொலிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. என்ற சமுதாய வானொலி 1949 முதல் நேயர்களின் நன்கொடையில் இயங்கி வருகிறது. 1977இல் அங்கே டிம் யோஹனன் தொடங்கிய ‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ நிகழ்ச்சி, புதிய இசைத்தட்டுகளைப் போட்டதோடு நிற்காமல் இசைக்குழுக்களை ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரவைத்துப் பேச வைத்தது. 1982இல் அதே பெயரில் இதழும் வந்தது. பெரிய நிறுவனங்களின் விளம்பரத்தை அது ஏற்கவில்லை. ஊர் ஊராக, நாடு நாடாக, அங்கங்கே என்ன நடக்கிறது என்று வாசகர்களே எழுதிய குறிப்புகள் அதில் வந்தன. யோஹனன் 1998இல் மறைந்த பிறகும் இதழ் நிற்கவில்லை. 2019 வரை அச்சில் வந்தது.

அந்த இதழில் 1983இல் வெளியான ஓர் உரையாடல் இன்றும் படிக்கத் தக்கது. மெக்காய், எம்.டி.சி. குழுவின் டேவ் டிக்டர், சிகாகோவின் ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் ஃபெய்த் குழுவின் விக் பாண்டி ஆகிய மூவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மூவரும் பாடகர்கள். மெக்காய்க்கு அப்போது 21 வயது. பேச்சு ‘கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்’ என்ற மைனர் த்ரெட் பாட்டுக்கு வருகிறது. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் தான் படித்ததையும், அடிமை முறை என்ற பழைய கொடுமைக்காகத் தன்னைக் குற்றவாளியாகப் பார்த்ததையும் வைத்து மெக்காய் எழுதிய பாட்டு அது. அது இனவெறிக்கு எதிரான பாட்டு என்பது அவர் கட்சி. மற்ற இருவரும் விடவில்லை. அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் அந்தச் சொற்களைப் பாடினால், நிறவெறியர் காதில் அது எப்படி விழும் என்று மடக்குகிறார்கள்.

புகழ் பெற்ற ஒரு பாடகரை இப்படி நிறுத்திக் கேட்க எந்த வணிக இதழுக்கும் அன்று தோன்றியிருக்காது. தோழர்களுக்குத் தோன்றியது. பாட்டின் பிற்காலக் கதை, கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்ததைக் காட்டுகிறது. 1996இல் ஸ்லேயர் என்ற மெட்டல் குழு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சொல்லை மாற்றிப் பாடியது. மெக்காய் அதை வெறுத்தார். எழுதியவரின் எண்ணம் ஒன்று, பாட்டு போய்ச் சேர்ந்த இடம் வேறு. இவ்வளவு தெளிவாக இதைக் காட்டும் இசைப் பேட்டிகள் அரிது.

பேச்சு பாட்டுக்குள்ளேயே புகுந்ததும் உண்டு. போதையைத் தவிர்ப்பது ஒரு கட்டளையா, ஒருவரின் சொந்த முடிவா என்ற விவாதம் மைனர் த்ரெட்டுக்குள்ளேயே எழுந்தது. டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனுக்கு அந்தப் பாடல்களின் தொனி உறுத்தியது. 1983இல் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்ற பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, நடுவில் இசை பின்னுக்குப் போக, மெக்காய் சாதாரணக் குரலில் இது யாருக்கும் விதி இல்லை என்று விளக்குகிறார். பாட்டை நிறுத்திவைத்துப் பேசும் அந்தச் சில விநாடிகள்தான் அந்த இசைத்தட்டின் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கருத்து விவாதத்தை விட்டு அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ‘த டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’ என்ற ஆவணப்படம் 1981இல் வெளிவந்தது. இயக்கியவர் பெனலபி ஸ்பீரிஸ். ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு தேவாலயத்தில் பிளாக் ஃபிளாக் குழுவினர் குடியிருக்கிறார்கள். அங்கே அலமாரி போன்ற ஒரு சின்னப் பொந்துதான் அன்றைய பாடகர் ரான் ரேயஸின் அறை. ஸ்பீரிஸ் வாடகை எவ்வளவு என்று கேட்கிறார். மாதம் 16 டாலர். ரேயஸ் அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமும் இல்லை, வீறாப்பும் இல்லை. ஒரு தலைமுறை எதைக் கொடுத்து இந்த இசையை வாங்கியது என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், இந்தப் படத்தை இனி நகரில் திரையிட வேண்டாம் என்று கடிதம் எழுதினார். அதே படத்தை 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் சேர்த்தது.

வாஷிங்டனிலும் இதே சிக்கனக் கதைதான். மெக்காயும் நெல்சனும் டீன் ஐடில்ஸ் என்ற முந்தைய குழுவில் இருந்தபோது சேர்ந்த பணம் சுமார் 600 டாலர். குழு கலைந்ததும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஒரு சிறு இசைத்தட்டு போட்டார்கள். டிஸ்கார்ட் நிறுவனம் அப்படித்தான் 1980இல் பிறந்தது. உறை அச்சிடும் வழி தெரியாததால், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் அளவைப் படியெடுத்தார்கள். பிறகு நண்பர்கள் கூடி உட்கார்ந்து கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். மெக்காயின் பேட்டிகளில் தத்துவத்தைவிட இந்தப் பசையும் கத்தரிக்கோலும்தான் நினைவில் நிற்கின்றன. அவர் பிற்காலத்தில் நடத்திய ஃபுகாசி குழு, மது, சிகரெட் விளம்பரம் போடும் பெரிய இதழ்களுக்குப் பேட்டி கொடுக்க மறுத்தது. சிற்றிதழ் நடத்தும் பிள்ளைகளுக்கோ தாராளமாக நேரம் கொடுத்தது.

பேசுவதையே ஒரு கலையாக்கிய ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் மைக் வாட்டைச் சொல்ல வேண்டும். சான் பெட்ரோ என்ற துறைமுக ஊர்க்காரர். மினிட்மென் குழுவின் பேஸ் கலைஞர். தந்தை கடற்படை மாலுமி. 2005இல் வந்த ‘வீ ஜாம் எகானோ’ ஆவணப்படத்தில் அவர் தன் வேனை ஓட்டிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். பூங்காவில் ஒரு மரத்திலிருந்து ஒரு பையன் தன் முன்னால் குதித்ததையும், வேறு யாரோ என்று நினைத்துத் தன்னிடம் பேச்சுக் கொடுத்ததையும் சொல்கிறார். அந்தப் பையன்தான் டி. பூன். அன்று தொடங்கிய நட்பு, குழுவாக வளர்ந்தது. இருவரும் ஏதாவது வாசித்துக்கொண்டிருக்கட்டும் என்று தூண்டியவர் பூனின் தாய். பேஸ் என்பது தனி வாத்தியம் என்றுகூட வாட்டுக்கு அப்போது தெரியாது. நான்கு கம்பி மாட்டிய கிதார் என்றே நினைத்திருந்தார்.

1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் டி. பூன் இறந்தார். வயது 27. அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தப் படத்திலும் வாட் அவரைப் பற்றிப் பேசும்போது நேற்று நடந்ததுபோல் பேசுகிறார். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. தெருப் பெயர், வேன், எப்படிச் சிக்கனமாகப் பதிவு செய்தார்கள் என்ற கணக்கு. நட்பின் ஆழம் அந்தக் கணக்குக்குள்ளிருந்து தானாகவே வெளிவருகிறது. இந்த வகைப் பேச்சில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

2001இல் இரண்டு முக்கியமான நூல்கள் வந்தன. மைக்கேல் அசெராட் 13 இசைக்குழுக்களைத் தேர்ந்து, பேட்டிகளைக் கொண்டு ஒவ்வொன்றின் கதையையும் நிதானமாகச் சொன்னார். ஸ்டீவன் பிளஷ் தொகுத்த ‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ வேறு மாதிரி. ஊர்வாரியாக, பலரின் குரல்களை அடுத்தடுத்து அடுக்கி, முரண்பட்டால் முரண்படட்டும் என்று விட்டுவிடுகிறது. வாஷிங்டனின் கறுப்பினக் கலைஞர்களான பேட் பிரெயின்ஸ் குழுவுக்கும், டெக்சஸ் மாநிலத்து பிக் பாய்ஸ் குழுவுக்கும் இடையே 1982இல் ஆஸ்டின் நகரில் மூண்ட சண்டை போன்றவற்றுக்கு அந்த முறை பொருத்தமானது. பிக் பாய்ஸ் பாடகர் தன்பாலினத்தவர் என்பதை ஒட்டி எழுந்த கசப்பு அது. ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் பிளஷின் கதை 1986 வாக்கில் ஹார்ட்கோர் முடிந்துவிட்டது என்கிறது. இதை ஏற்க முடியாது. அந்த ஆண்டில்தான் நியூயார்க்கின் குரோ-மேக்ஸ் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கலியுகத்தைக் குறிக்கும் பெயர் அதற்கு, ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் தாக்கத்தில் வந்த பெயர். அந்த இயக்கத்தை நிறுவிய, கொல்கத்தாவிலிருந்து வந்த பிரபுபாதர் 1966இல் ஹரே கிருஷ்ணா கீர்த்தனம் பாடிய டாம்கின்ஸ் சதுக்கப் பூங்கா, அந்தக் குழுவினர் திரிந்த பேட்டையிலேயே இருக்கிறது. அதே நகரில் யூத் ஆஃப் டுடே குழுவின் பாடகர் ரே காப்போ சைவ உணவைப் பாட்டில் வலியுறுத்தி, பின்னர் கிருஷ்ண பக்தராகி ஷெல்டர் என்ற குழுவைத் தொடங்கினார். முடிந்துபோன இசைக்கு இவ்வளவு உயிர் இருக்காது.

இன்னொரு குறை பெரியது. இந்த நூல்களிலும் படங்களிலும் ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடிதடி, போலீஸ், உடைந்த மூக்கு என்று வீரக் கதைகள் நீளும்போது கேட்பவருக்கு அலுப்புத் தட்டும். பெண்கள் அங்கே இல்லாமலில்லை. மைனர் த்ரெட்டின் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ உறையில் மந்தையை விட்டுத் துள்ளி ஓடும் கறுப்பு ஆட்டை வரைந்தவர் சிந்தியா கானலி. அவரும், சாக் சர்க்கிள் என்ற பெண்கள் குழுவின் ஷாரன் செஸ்லோவும், லெஸ்லி கிளேகும் சேர்ந்து 1988இலேயே படங்களும் பேச்சுமாக ‘பேன்ட் இன் டிசி’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். மற்ற நூல்கள் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. மெக்சிகோவிலிருந்து குடிவந்த பெற்றோரின் மகளான பாடகி ஆலிஸ் பேக், லாஸ் ஏஞ்சலீஸ் பங்கின் முன்னோடிப் பெண்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். 2011இல் தன் கதையையும் எழுதினார். கடற்கரைப் புறநகர்ப் பையன்களின் முரட்டுத்தனம் வந்தபின் பெண்கள் முன்வரிசையிலிருந்து எப்படி ஒதுங்க நேர்ந்தது என்பதை அங்கிருந்த ஒருவரே சொல்லும்போது வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

சிகாகோவில் மெக்சிகோ மக்கள் வாழும் பில்சன் பகுதியில் 1991இல் தோன்றிய லோஸ் குருதோஸ் குழுவையும் விட முடியாது. உருகுவேயில் பிறந்த பாடகர் மார்ட்டின் சொரொந்தெகி ஸ்பானிய மொழியில் பாடினார். பாட்டுக்குப் பாட்டு நடுவே நின்று, இது குடியேறியவர்களை விரட்டும் சட்டத்தைப் பற்றியது, இது எங்கள் தெருவைப் பற்றியது என்று விளக்கினார். பல நேரம் பாட்டைவிட விளக்கம் நீளம். 1999இல் அவரே ஒரு படம் எடுத்து, அமெரிக்காவின் லத்தீன் பங்க் கலைஞர்களைப் பேச வைத்தார். பெரிய நூல்கள் விட்டுவிட்டவர்களைக் கொண்டுவர ஒரு கலைஞரே கேமராவைத் தூக்க வேண்டியிருந்தது.

2014 முதல் வாஷிங்டன் பொது நூலகம் அந்த நகரத்துப் பங்க் இசைக்கென்றே ஒரு சேகரிப்பை நடத்தி வருகிறது. சிற்றிதழ்களும் சுவரொட்டிகளும் ஒலிப்பதிவுகளும் அங்கே பொதுச் சொத்தாகிவிட்டன.

இந்த இசையை இதுவரை கேட்டிராத நேயர்கள் இரைச்சலைக் கண்டு மிரள வேண்டாம். முதலில் ‘வீ ஜாம் எகானோ’ படத்தில் மைக் வாட் வேன் ஓட்டிக்கொண்டு பேசுவதைப் பாருங்கள். அதன்பின் மினிட்மென் 1984இல் வெளியிட்ட ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்’ ஆல்பத்தை, பாட்டுச் சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுவதும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நேரத்துக்கு நாலைந்து பாட்டாகக் கேளுங்கள்.