ஆழாக்கும் கிராமும்



இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்குச் சமையலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு டன் பஞ்சும் ஒரு டன் இரும்பும் வண்டியில் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை என்பது எனக்கு அன்றாடப் பாடம். ஆயினும், அடுப்படியில் அதனை மறந்தேன்.

என் தாயார் காலமாகி ஓராண்டு கழிந்தபின் வந்த தீபாவளிக்கு அதிரசம் செய்ய முற்பட்டோம். அவர் கைப்பட எழுதிய குறிப்பில், நாலு ஆழாக்குப் பச்சரிசிக்கு மூன்று ஆழாக்குப் பொடித்த வெல்லம் என்றிருந்தது. நம் பக்கத்தில் அரிசியை அளப்பது பழைய வழக்கம். எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்நாகபுரிக் கடைகளிலோ எல்லாம் தராசுதான். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1958 முதல் படிப்படியாக வந்த கிலோகிராமே இங்கு அரசாள்கிறது. நாலுக்கு மூன்று என்றால் 400 கிராமுக்கு 300 கிராம் என்று நானே தீர்ப்பளித்துவிட்டேன். வெல்லம் மிகுந்து, அதிரசம் எண்ணெயில் இட்டவுடனே பிரிந்து கரைந்தது. “பாட்டி செய்தது இப்படி இராதே” என்றாள் என் மகள். எனக்கு மறுமொழி கூற வாய் வரவில்லை.

பிறகு, பெட்டியிலிருந்த தாயாரின் பித்தளை ஆழாக்கை எடுத்தேன். வெற்றுக் கலத்தின் எடையைக் கழித்துவிட்டு, தண்ணீர் நிரப்பி நிறுத்தேன்: 165 கிராம். தண்ணீருக்கு மட்டும் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். ஆகவே கலத்தின் கொள்ளளவு 165 மில்லிலிட்டர். அதே கலத்தில் தலைதட்டி அளந்த பச்சரிசி 140 கிராம். பொடித்த வெல்லம் 115. உருக்கிய நெய் 150. இக்கணக்கில் ஒரு கிலோ அரிசி சுமார் 1,180 மில்லிலிட்டர், நெய் 1,100, வெல்லமோ 1,430-க்கும் மேல். மாவின் கணக்கு மட்டும் நிலைகொள்ளாது. தளர்த்திப் போட்டால் ஓர் எடை, அமுக்கினால் வேறோர் எடை. மாவை நிறுப்பதே நன்று.

ஆக, தாயாரின் நாலுக்கு மூன்று என்பது, 560 கிராம் அரிசிக்கு 345 கிராம் வெல்லம். நான் இட்ட விகிதத்தின்படி அது 420 ஆகியிருக்கும்! பாகின் பதத்தைத் தராசு சொல்லாது. அதை என் மனைவி கவனித்துக்கொண்டாள். இரண்டாம் முறை அதிரசம் பிரியவில்லை. மகள் கேளாமலே இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆழாக்கை இங்கே கொணர்ந்திருக்கிறேன். விளிம்பில் சற்று நசுங்கியது. உங்கள் இல்லத்து ஆழாக்கு இதற்குச் சரியாக இராது. முதலில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள்.