அறிவும் அளவுகோலும்



அளவுகோலைக் கையில் எடுப்பவன், தான் எதனை அளக்கிறான் என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். துணியை அளக்கும் கோலால் பாலை அளக்க முடியாது. இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆயினும், ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தலைமையாசிரியராகவும் இருந்த நான், ஒருமுறை இப்பிழையைச் செய்தேன். அதனைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1998ஆம் ஆண்டு சூன் மாதம். தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். உழவர் ஒருவர் தம் எட்டு வயது மகனைச் சேர்ப்பதற்காக அழைத்து வந்தார். சிறுவனின் கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. பேச்சுத் தெளிவாக இல்லை. 'டவுன் சின்ட்ரோம்' என்னும் நிலையுடன் பிறந்தவன் என்று மருத்துவர் கூறியிருந்தாராம். பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து எண்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டேன். அவன் இரண்டைச் சொல்லி நிறுத்திக்கொண்டான். மும்முறை கேட்டும் அவ்வளவே.

நான் தந்தையிடம் பேசிக்கொண்டிருந்தபொழுது, சிறுவன் என் மேசைமேலிருந்த மணி, மைக்கூடு, பென்சில், கண்ணாடிக் குண்டு ஆகியவற்றை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டான். தந்தை அதட்டினார். உடனே அவன் ஒவ்வொரு பொருளையும், முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே, இடம் சிறிதும் மாறாமல் வைத்தான். அதை நான் கண்ணால் கண்டேன், கருத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஐயா, மற்றப் பிள்ளைகளோடு இவன் உட்கார்ந்திருந்தாலே போதும்" என்றார் தந்தை.

"இவனுக்குப் படிப்பு ஏறாது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்நிலை யாது என்று முதலில் காண்போம். நம் உடலின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக அமைந்துள்ளன. சிலருக்கு 21ஆம் இணையில் ஒன்று மிகுந்து, இரண்டுக்கு மாறாக மூன்று அமைந்துவிடும். இந்நிலையுடையோரை 1866ஆம் ஆண்டில் தனியாக வகைப்படுத்தி எழுதியவர் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். அதன் காரணம் 1959ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகிய மூவரும் அந்த 47ஆம் குரோமோசோமைப் பற்றிய செய்தியை வெளியிட்டனர். 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறிக்கும் வகையில், மூன்றாம் மாதம் 21ஆம் நாளை உலக டவுன் சின்ட்ரோம் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2012 முதல் கடைப்பிடித்து வருகிறது.

பெரும்பாலும் இது, தாயின் முட்டையணு உருவாகும்பொழுது குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமையால் தற்செயலாக நேர்வது. பெற்றோர் செய்த பிழையும் அன்று. முன்வினைப் பயனும் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று.

இனி, அறிவை அளக்கும் கோலைப் பற்றிச் சில சொற்கள். 1905ஆம் ஆண்டில் ஆல்பிரட் பினே என்பவரும் சைமன் என்பவரும் பிரான்சில் முதல் நுண்ணறிவுச் சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகள் யாவர் எனக் கண்டறிவதே அதன் நோக்கம். உதவி செய்வதற்காகப் பிறந்த அக்கோலை, பின்வந்தோர் கதவடைக்கும் தாழாக்கினர். ஒருவனுடைய அறிவு என்றும் கூடாத ஒரே அளவினது என்ற கொள்கையைப் பினே தாமே மறுத்தார் என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும்.

பழைய முறையில் நுண்ணறிவு ஈவு என்பது, மன வயதை உடல் வயதால் வகுத்து நூற்றால் பெருக்கி வருவது. நான்கு வயதில் ஒரு குழந்தையின் மன வயது இரண்டானால், ஈவு 50. அக்குழந்தைக்குப் பத்து வயதாகும்பொழுது மன வயது நான்காயிற்று எனக் கொள்வோம். ஈவு 40 ஆகிவிடும். "பார்த்தீர்களா, அறிவு குறைந்துவிட்டது" என்று கூறுவோர் உண்டு. எண்ணிப் பாருங்கள்! குழந்தையின் அறிவு இரு மடங்காக வளர்ந்திருக்கிறது. ஒத்த வயதினர் அதனினும் விரைந்து வளர்ந்தமையால் எண் மட்டும் இறங்கியது. இக்காலச் சோதனைகளில் கணக்கிடும் முறை மாறியுள்ளது; எனினும் ஒத்த வயதினரோடு ஒப்பிடும் அடிப்படை மாறவில்லை. ஆகவே, டவுன் நிலையுடைய குழந்தையின் ஈவு ஆண்டுதோறும் இறங்கினாலும், அக்குழந்தை கற்றுக்கொண்டே இருத்தல் கூடும்.

மற்றொன்றையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இவர்களுடைய சிந்தனைத் திறன் எல்லாத் துறையிலும் ஒரே மட்டமாகக் குறைந்திருப்பதில்லை. காதால் கேட்ட சொற்களையும் எண்களையும் வரிசையாகச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்துதல் இவர்களுக்கு மிகவும் கடினம். கண்ணால் கண்ட பொருள்களின் இடத்தை நினைவிற் கொள்ளுதல் அதனினும் எளிது. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவு, தாம் பேசி வெளியிடும் அளவைக் காட்டிலும் பெரும்பாலும் மிகுதி. மேலும், பலருக்குச் செவிப்புலன் குறைந்திருக்கும். தைராய்டுச் சுரப்பு குறைந்து மந்தம் உண்டாவதும் உண்டு. அது மருந்தால் சீராகக் கூடியது. கேட்டல், நினைவில் நிறுத்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் இடர்ப்படும் சிறுவனிடம், அம்மூன்றும் சேர்ந்த ஒரு சோதனையை நான் வைத்தேன். அவன் தன் சோதனையைத் தானே எழுதி என் மேசைமீது விடையும் வைத்துவிட்டுப் போனான். நான் மதிப்பெண் இடவில்லை.

கண்வழிக் கற்றல் எளிது என்ற உண்மையிலிருந்து ஒரு நல்ல வழி பிறந்தது. இங்கிலாந்தில் சூ பக்லி என்னும் உளவியலாளர், 1980களில், இக்குழந்தைகள் பலர் அச்சிட்ட சொற்களை இளமையிலேயே படிக்கக் கற்பதையும், அப்படிப்பே பேச்சை வளர்க்கத் துணையாவதையும் எடுத்துக்காட்டினார். காதில் விழுந்த சொல் காற்றோடு போய்விடும். அட்டையில் எழுதிய சொல், பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கும்.

இவர்கள் அனைவரும் பெரும் புலவராவர் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர்க்கு மிதமானது முதல் நடுத்தரம் வரையிலான அறிவுக் குறைபாடு உண்டு. கணக்கும் நுண்பொருட் கருத்துகளும் கடினமே. வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோரும் உளர். அதே வேளையில், ஸ்பெயின் நாட்டில் பாப்லோ பினேடா என்பவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தில் நடித்துப் பரிசும் பெற்றார். அவரைப் போன்றோர் சிலரே. ஆனால் எந்தக் குழந்தை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வாயிலில் நின்றுகொண்டே சொல்ல எவராலும் இயலாது.

இக்குழந்தைகளுக்கும் 18 வயதுவரை கட்டணமில்லாக் கல்வி கிடைக்கச் செய்தல் வேண்டும் என்ற 1995ஆம் ஆண்டுச் சட்டம், நான் அவனை அனுப்பியபொழுதே நடைமுறையில் இருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிதி அல்லது ஏற்பு பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என இன்னும் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் சட்டம் ஓர் இருக்கையைத்தான் தர முடியும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் நீங்கள்.

ஆதலால், உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இத்தகைய தோழர் இருப்பின் மூன்று செயல்களைச் செய்யுங்கள். சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள். சொல்வதோடு நில்லாது செய்தும் காட்டுங்கள். வினவியபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவருக்காக நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள்.

அச்சிறுவனைப் பின்னர் நான் தேடினேன். அக்குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அவன் என்ன ஆனான் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. அவன் திருத்தமாக வைத்துச் சென்ற மணிதான் அன்று மாலை பள்ளி முடிவதற்கு அடித்தது. அவன் ஒருநாளும் அம்மணியோசையைக் கேட்டு வகுப்புக்கு வரவில்லை. நீங்கள் ஆசிரியராகவோ, மருத்துவராகவோ, அலுவலராகவோ அமரும் நாளில், உங்கள் மேசைக்கு முன்னும் ஒரு குழந்தை வந்து நிற்கும். அன்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.