அனுமதிப் பத்திரத்துக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு
(யாழ்ப்பாணத்தில் அங்கத்தவர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே கூடியிருக்கும் பலர் 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டத்தை விட்டு வடக்குக்கு வந்தவர்களின் பிள்ளைகள். இன்று சிலரிடம் இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. சொந்தப் பெயரில் உறுதியும் இருக்கிறது. அந்தக் காணியில் எழும்பும் வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

லயத்தில் நாம் அனுமதி எடுத்து வீடு கட்டியதில்லை. அறை தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினாலும் துரையிடம்தான் போய் நிற்க வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்யவே, 2018 இல் திருத்தும் வரை, சட்டம் தடையாக இருந்தது. ஆகவே சபை தரும் பத்திரத்தில் திகதி பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

அதற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையைக் கண்டோம். வரைபடம் கொடுத்து, கட்டணம் கட்டி, அனுமதி எடுத்தார்கள். அத்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பியதும் கைக்காசு முடிந்தது. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியது. வேலை அப்படியே நின்றது. பத்திரம் மட்டும் ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பிறகு கூரைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, "இது காலாவதியாகிவிட்டது" என்றார்கள். நாங்களும் கூடப் போய் அலைந்தோம். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டி வந்தது.

விதி இதுதான். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், உள்ளூராட்சி சபை தரும் அபிவிருத்தி அனுமதி ஒரு வருடம் செல்லும். முடியுமுன் விண்ணப்பித்தால் மேலும் இரண்டு வருடம் வரை நீடிக்கலாம். அதற்கு மேல் புதிய அனுமதிதான். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்கினாலே அனுமதி நிலைக்கும். லண்டன் உறவினர் சொல்வதை நம்பி இங்கே சும்மா இருந்துவிடாதீர்கள்.

நமது வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. சீட்டு விழும்போது ஒரு சுவர், நகை அடகு வைத்து ஒரு யன்னல். அப்படியானால் முதலில் முடிக்கக்கூடிய அளவுக்கே வரைபடம் போடுங்கள். இரண்டு அறையும் குசினியும் போதும்; மிச்சத்துக்குப் பிறகு தனி அனுமதி எடுக்கலாம். முடிவுத் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். இரண்டு மாதம் முன்னதாகவே சபைக்குப் போங்கள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். வரைபடத்தை மாற்றினால் அனுமதியையும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சீ.ஓ.சி. என்னும் சான்றிதழை எடுங்கள். அனுமதித்தபடியே வீடு கட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சபைகளிடமும் நாம் கேட்போம்: காலம் முடியுமுன் தமிழில் ஓர் அறிவித்தல் அனுப்புங்கள், கூலிக் குடும்பங்களுக்கு நீடிப்புக் கட்டணத்தைக் குறையுங்கள். கூலி உயர்வுக்கு ஒன்றாக நின்ற நாம் இதற்கும் ஒன்றாகப் போவோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து திகதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் ஒளிக்க வேண்டாம். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து போவோம்.