மூன்று பொத்தான்கள்



அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறோம். "கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. காத்திருங்கள்" என்கிறார் ஊழியர். திரையில் எழுத்து தெரிகிறது. ஆனால் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசைவு இல்லை. இதைத்தான் 'ஹேங் ஆகிவிட்டது' என்கிறார்கள்.

மனிதன் செய்த எந்திரம் மனிதன் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது என்ன செய்வது?

முதலில், அது ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையைக் கட்டளைகளாக எழுதித் தருகிறார்கள். இதற்குப் பெயர் புரோகிராம். அதில் பிழை இருந்தால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். செக்குமாடு போலச் சுற்றும். நம் பக்கம் திரும்பாது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம். அங்கே போகா ரேட்டன் என்ற ஊர். ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கே ஒரு சிறிய கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். அது 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது.

உருவாக்கும்போது அது அடிக்கடி நின்றது. ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். அது தன் நினைவகத்தைச் சோதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நேரம் வீணானது.

டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் கம்ப்யூட்டர் உடனே புதிதாகத் தொடங்கும். முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்று வைத்தார். மூன்றும் இடப்பக்கம் இருந்தன. கை தவறிப் பட்டால் செய்த வேலை எல்லாம் போய்விடும். அதனால் எஸ்கேப்பை விட்டு, வலப்பக்கம் இருந்த டெலிட்டை வைத்தார். இரண்டு கை வேண்டும். தவறிப் படாது.

கேட்காத எந்திரம் இதை மட்டும் எப்படிக் கேட்டது?

பேருந்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் சாலையையே பார்த்து ஓட்டுகிறார். நடத்துநர் விசில் அடிக்கிறார். ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார். பொத்தானைத் தட்டுவதும் ஒரு விசில்தான். மின்சாரம் வழியே கம்ப்யூட்டரின் மூளைக்கு அது போகிறது. மூளை கைவேலையை நிறுத்துகிறது. எந்தப் பொத்தான் என்று பார்க்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் புதிதாகத் தொடங்குகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் புரோகிராமிடம் அனுமதி கேட்பதில்லை.

ஆனால் விசிலே கேட்காதபடி ஒரு புரோகிராம் காதை அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது சுவிட்சை அணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்று விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் இந்த மூன்றையும் அழுத்தினால் உடனே அணையாது. ஒரு பட்டியல் வரும். அதில் டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். நின்றுபோன புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் மூடலாம். மற்ற வேலைகள் பிழைக்கும். அதுவும் முடியாவிட்டால், மின்சாரப் பொத்தானைச் சில விநாடி விடாமல் அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பொத்தான்கள் எந்திரத்தை மீட்கும். சேமிக்காத எழுத்தை மீட்காது. நூறு பேரின் விவரத்தைப் பதிந்தவர், சேமிக்காவிட்டால் நூறையும் மீண்டும் பதிய வேண்டும். வரிசையில் நிற்பவர்களும் மீண்டும் காத்திருக்க வேண்டும்.

ஆகவே எழுத எழுதச் சேமியுங்கள். கம்ப்யூட்டர் கற்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். நின்ற எந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்.