தலைகீழாய் உறங்கும் கிளி



ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டங்களில் தென்னை பூத்திருக்கும் காலங்களில், பாளையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று விருட்டென்று பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே குண்டான உருவம்; குட்டை வால்; கறுத்த அலகு. ஆண் பறவைக்கு உச்சந்தலையில் நீலப் பொட்டு, தொண்டையில் சிவப்பு. பெண்ணுக்குத் தொண்டைச் சிவப்பு இல்லை. மலாய்க்காரர்கள் இதைச் ‘செரிண்டிட்’ என்பார்கள். நம்மவர் பலர் ‘கிளிக்குஞ்சு’ என்று சொல்லிவிடுகிறோம். அது குஞ்சல்ல, முழுதாய் வளர்ந்த பறவையே அவ்வளவுதான், சுமார் 12 சென்டிமீட்டர்.

நம் வீட்டிலும் ஒருமுறை இது வந்து சேர்ந்தது. பட்டமரம் ஒன்று சாய்ந்தபோது பொந்திலிருந்து கிடைத்ததென்று அண்ணன் கொண்டு வந்தார். கூண்டில் நெல்லும் தண்ணீரும் வைத்தோம். இரவு விளக்கைத் தூக்கிப் பார்த்தால், கூண்டுக் கம்பியில் வௌவால் போலத் தலைகீழாய்த் தொங்குகிறது! செத்துப் போயிற்றென்று அம்மா கூண்டைத் திறந்ததும் கண் விழித்துப் படபடத்தது. அதன் உறக்கமே அப்படித்தான் என்பது அன்று நமக்குத் தெரியாது. மூன்றாம் நாள் உண்மையாகவே இறந்தது. கிளி என்றால் நெல் தின்னும் என்று நினைத்தோமே, அங்கேதான் தவறு.

கிளி என்ற ஒரே பெயரில் எத்தனையோ வகைகள் அடங்கிக் கிடக்கின்றன. 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இப்பறவைக்கு அறிவியல் பெயரிட்டபோது, பெரிய கிளிகளோடு சேர்த்து ஒரே இனத்தில்தான் வைத்தார். பிறகு, கல்கத்தாவில் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த எட்வர்ட் பிளைத், 1850ஆம் ஆண்டையொட்டி இவற்றைத் தனி இனமாகப் பிரித்து ‘லோரிகுலஸ்’ என்று பெயரிட்டார். சிறிய லோரி என்று பொருள். லோரி என்பதும் வேறெங்கிருந்தோ வந்த சொல்லல்ல. ‘நூரி’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபுதான்.

பெயரைக் கேட்டால் லோரியின் தம்பி என்று தோன்றும். ஆனால் 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வும் அதன்பின் வந்தவையும் வேறு கதை சொல்கின்றன. செரிண்டிட்டுக்கு நெருங்கிய சொந்தம், கடல் கடந்து ஆப்பிரிக்காவில் வாழும் காதல் கிளிகள்! லோரி, தாயாதி முறைதான். வேடிக்கை என்னவென்றால், பறவைக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி. அதுதான் லோரிக்கு நெருங்கியது. இரண்டு பெயர்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

மரபணு பார்க்காமலே ஒரு சாட்சி உண்டு. பெண் செரிண்டிட் கூடு கட்ட இலையைக் கீறி, அந்தத் துண்டுகளை இடுப்புச் சிறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். கொழுந்தை முதுகுக் கூடையில் போடும் மலைத்தோட்டப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். காதல் கிளிகளில் சிலவும் இதையே செய்கின்றன.

இந்த இனத்தில் ஏறக்குறைய 14 வகைகள். இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரவியவை. கணக்கு ஆளுக்கு ஆள் சற்று மாறும். பிலிப்பைன்ஸின் கமிகுயின் தீவுப் பறவையை 2006இல்தான் தனி வகையென்று அறிவித்தார்கள். அதையும் எல்லோரும் ஒப்பவில்லை. நம் முன்னோர் ஊர்ப்பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வகை. இலங்கைக்கே உரியதாக மற்றொன்று. இவற்றுக்குக் கள் முட்டியில் வாய் வைக்கும் பழக்கமும் உண்டு. குடித்து மயங்கிக் கிடப்பதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மரத்தடியில் மயங்குவது மனிதன் மட்டுமல்ல!

கள்ளைத் தேடுவானேன்? பூந்தேனும் கனிந்த பழமும் மொட்டுகளுமே அதன் முக்கிய உணவு. சிறு விதைகளும் கொஞ்சம் உண்ணும். நெல்லும் தண்ணீரும் மட்டும் வைத்த நம் கூண்டில் அதற்கு வேண்டியது எதுவுமே இல்லை.

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கூண்டில்லாமலும் பார்க்கலாம். வீட்டுப் பின்புறம் பப்பாளி ஒன்று மரத்திலேயே பழுக்கட்டும். பொந்துள்ள பட்டமரம் வழிக்கு இடைஞ்சலில்லாமல் நின்றால் நிற்கட்டும். பொழுது சாய்ந்தபின் மெல்லிய கிளைகளை உற்றுப் பாருங்கள். இலையென்று நினைத்தது திடீரென்று தலையைத் திருப்பும்.